நாளுக்குப் பத்து ஐஸ் கட்டி

எங்கள் வீட்டு ஐஸ் பெட்டிக்கு இரண்டு கதவு. இடது கதவில் நெஞ்சு உயரத்தில் ஒரு குழி இருக்கும். குழிக்குள் கருப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு. குவளையை வைத்து அதை அழுத்தினால் மேலிருந்து ஐஸ் விழும். வாங்கிய புதிதில் அது வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டுவதற்கான பொருளாக இருந்தது. தீபாவளிக்கு வரும் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு தடவை அழுத்திப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு மட்டும் அதைக் கண்டால் ஆகாது. "தண்ணி குடிக்கிறதுக்கு இவ்ளோ பவுசா?" என்பார்.

நான்கு வருடங்களுக்கு முன் அம்மாவின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. இருபது வருட இனிப்பு நீரின் வேலை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். அன்றிலிருந்து அந்தக் குழியின் மதிப்பு எங்கள் வீட்டில் மாறிப்போனது.

டயாலிசிஸ் செய்கிறவர்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறுநீர் ஏறக்குறைய நின்றுபோன உடம்பில், குடித்த தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. அடுத்த முறை ஊசி ஏற்றும் வரை அது உள்ளேயே கிடக்கும். காலில் இறங்கும், முகத்தில் ஏறும், அளவு மீறினால் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் என்பது ஒரு கிலோ எடை. அதனால்தான் டயாலிசிஸ் மையத்தில் முதல் வேலையாகத் தராசில் ஏறச் சொல்கிறார்கள். வாயால் சொல்கிற பொய் எதுவும் அங்கே செல்லாது.

அம்மாவுக்கு டாக்டர் கொடுத்த கணக்கு ஒரு நாளைக்கு 750 மில்லி. காலையும் மாலையும் அரைக் குவளை காப்பி, 300. மாத்திரை விழுங்க 120. சோற்றில் ஊற்றுகிற ரசம், குழம்பு எல்லாம் சேர்த்து ஒரு 150. மிச்சம் 180. கிள்ளான் வெயிலில் ஒரு நாள் முழுவதற்கும் தாகத்துக்கென்று ஒதுக்க முடிந்தது அவ்வளவுதான்.

அந்த 180 மில்லியைத் தண்ணீராகக் கொடுத்தால் இரண்டு மடக்கில் தீர்ந்துவிடும். ஐஸாகக் கொடுத்தால் நீளும். எங்கள் பெட்டி போடுகிற பிறை வடிவக் கட்டிகளில் பத்தை எடுத்து உருகவைத்து, மருந்து அளக்கிற குவளையில் ஊற்றிப் பார்த்தேன். 170 மில்லி வந்தது. ஆக, ஒரு கட்டிக்கு 17 மில்லி. 17 மில்லி தண்ணீர் தொண்டையை நனைக்கக்கூடக் காணாது. அதே 17 மில்லி உறைந்திருந்தால் வாயில் ஐந்து நிமிடம் நிற்கும். நாக்கைக் குளிரவைக்கும். உடம்பைக் கொஞ்ச நேரம் ஏமாற்றும்.

அம்மா இதைத் தனக்கே உரிய முறையில் நடத்தினார். ஒரு பழைய பால்மாவு டின்னில் பத்துப் புளியங்கொட்டைகள். ஒரு கட்டி எடுத்தால் ஒரு கொட்டை பக்கத்துக் கிண்ணத்துக்குப் போகும். நாக்கை லேசாகத் தட்டினால் ஒரு கட்டி, அழுத்தினால் இரண்டு மூன்று. அந்தப் பக்குவம் வீட்டில் அவருக்கு மட்டும்தான் கைவந்தது. சில நேரம் இரண்டு விழுந்துவிடும். விழுந்தால் இரண்டு கொட்டையை நகர்த்துவார். சின்ன வயதில் பல்லாங்குழி ஆடிய கை, கணக்குத் தப்பாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நின்றுபோனது. அழுத்தினால் உள்ளே "உர்ர்ர்" என்று சத்தம் வருகிறது. ஐஸ் வரவில்லை.

ஐஸ் தட்டு வாங்கி வைத்தால் போகிறது என்று யாரும் சொல்லலாம். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஆனால் தட்டை முறுக்கிக் கட்டியைக் கழற்ற இரண்டு கை வேண்டும். அம்மாவின் இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக இரத்தக் குழாயை இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, அதில் இரத்த அழுத்தம்கூடப் பார்க்கக் கூடாது. வலது கை விரல்களோ மடங்காது. ஆகவே என் மனைவி காலையில் பத்துக் கட்டியை எண்ணி ஒரு ஃபிளாஸ்கில் போட்டு அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். மத்தியானத்துக்குள் பாதி உருகியது. உருகியதை அம்மா குடித்தார். பிறகு இரவில் குழாய்த் தண்ணீர்.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் இடைவெளி பெரிது. வழக்கமாக அம்மாவுக்கு அதில் இரண்டு கிலோ சொச்சம் ஏறும். அந்தச் செவ்வாய் 3.4 காட்டியது. நான்கு மணி நேரத்தில் அவ்வளவையும் இழுத்தால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், இரத்த அழுத்தம் சரியும். இரண்டுமே நடந்தது.

"என்னா பாட்டி, இந்த வாட்டி இவ்ளோ ஏறியிருக்கு?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"ஐஸ் பெட்டி கெட்டுப்போச்சு மிஸ்ஸி" என்றார் அம்மா.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அது சாக்குப் போக்கும் இல்லை. நடந்ததை நடந்தபடிதான் சொன்னார்.

வீட்டுக்கு வரும்போது காரில் மீதியைச் சொன்னார். "ஒவ்வொரு தடவையும் உன் பொண்டாட்டியக் கூப்புட்டு ஐஸ் குடுன்னு கேக்க முடியுமாடா? நல்ல பொண்ணுதான், குடுப்பா. ஆனா எண்ணிக் குடுப்பா. நான் எண்றது வேற, அவ எண்றது வேற."

எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் தன் தாகத்தைத் தானே எண்ணுவது கட்டுப்பாடு. அடுத்தவர் எண்ணினால் அது பிச்சை மாதிரி ஆகிவிடுகிறது. கதவு வழி வந்த ஐஸுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. நள்ளிரவில் விளக்குப் போடாமல் போய் ஒரு கட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பலாம். இருக்கிற 750 மில்லியில் அவர் கையில் இருந்த சுதந்திரம் அந்தப் பத்துக் கட்டிதான்.

புதன்கிழமை சர்விஸ் ஆள் வந்தார். பத்து நிமிடம் பார்த்தார். போர்டு போயிருக்கும், அதை மாற்ற 680 வெள்ளி, சாமான் வர இரண்டு வாரம் ஆகும், பழைய மாடல்தானே, புதுசே வாங்கிவிடலாம் என்றார். வந்து பார்த்ததற்கு 80 வெள்ளி வாங்கிக்கொண்டார்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அண்ணன் இருக்கிறார். துறைமுகப் பக்கம் ஐஸ் ஆலையிலும் மீன் வைக்கும் குளிர் அறைகளிலும் முப்பது வருடத்துக்கு மேல் பழுது பார்த்தவர். இப்போது பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்குகிறார். அவரிடம் சொன்னேன். ஸ்பேனர் எதுவும் எடுக்காமல் வெறுங்கையோடு வந்தார்.

"மொதல்ல எதையும் தொறக்காத தம்பி. அழுத்து. காதக் குடு."

அவர் சொல்லித்தான் தெரிந்தது, அந்தக் குழியிலிருந்து வருவது ஒரு சத்தம் இல்லை. நான்கு. நாக்கை அழுத்தும்போது பின்னால் இருக்கிற சின்ன சுவிட்சு 'டிக்' என்னும். அடுத்து மோட்டார் உறுமும். மோட்டார், ஐஸ் தொட்டிக்குள் நீளவாக்கில் கிடக்கிற திருகுக் கம்பியைச் சுற்றும். கம்பி கட்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு வரும்போது 'கடகட'வென்று உருளும். கையை எடுத்துச் சில வினாடி கழித்து, ஐஸ் விழுகிற வழியை அடைக்கும் மூடி 'டொப்' என்று சாத்திக்கொள்ளும். எந்தச் சத்தம் வரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்தால் பாதி நோய் தெரிந்துவிடும்.

ஒரு சத்தமும் இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது கதவின் முகப்பில் பூட்டு விளக்கு எரிகிறதா என்று. சின்னப் பிள்ளைகள் அழுத்தி விளையாடாமல் இருக்க அந்தப் பூட்டு. அதற்கான பொத்தானைச் சில வினாடி பிடித்தால் திறந்துகொள்ளும். அடுத்தது, கதவு முழுசாகச் சாத்தியிருக்கிறதா. கதவு திறந்திருந்தால் மோட்டார் ஓடாது. உள்ளே கை விட்டிருப்பவரின் விரல் திருகில் மாட்டக் கூடாது என்பதற்காக அப்படி. கதவோரத்து சுவிட்சு கெட்டிருந்தால், சாத்திய கதவையும் பெட்டி திறந்த கதவாகவே நினைத்துக்கொள்ளும்.

மோட்டார் உறுமி ஐஸ் வரவில்லையென்றால் ஒன்று, தொட்டியில் ஐஸ் இல்லை. அல்லது, இருந்தும் நகரவில்லை. ஐஸ் இல்லையென்றால் தண்ணீர் வரும் பாதையைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டிய வடிகட்டி அடைத்திருக்கலாம். பின்னால் இருக்கிற குழாய் மூடியிருக்கலாம். அச்சில் தண்ணீர் ஊற்றும் சின்னக் குழலே உறைந்து போயிருக்கலாம்.

"நம்ம பெட்டிக்கு மோட்டார் ஓடுது. அப்ப போர்டு கட்டளை குடுத்துருச்சு, மோட்டாரும் கேட்டுக்கிச்சு. அப்பறம் எதுக்கு 680 வெள்ளிக்கு போர்டு?" என்றார் அண்ணன். தொட்டியை உருவி எடுத்தார்.

உள்ளே இருந்தது கட்டிகள் இல்லை. ஒரே கட்டி. பெரிய கற்கண்டுப் பாறை மாதிரி, ஒன்றோடொன்று ஒட்டி, திருகுக் கம்பியைச் சுற்றி இறுகிக் கிடந்தது. கத்தியை விட்டுக் குத்தக் கூடாது, தொட்டி உடையும் என்றார். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் கரைத்தோம். ஈரம் இருந்தால் அதுவே உறைந்து அடுத்த பசையாகிவிடும் என்பதால் துணியால் நன்றாகத் துடைத்தோம். மறுநாள் புது ஐஸ் விழுந்தது. அம்மா புளியங்கொட்டை டின்னை எடுத்து வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மறுபடியும் "உர்ர்ர்".

அண்ணன் மறுபடி வந்தார். கட்டி பிடிப்பது நோய் இல்லை, நோயின் அடையாளம் என்றார். இந்த முறை என்னிடம் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனார்.

"அக்கா, ஐஸ் எடுத்து முடிச்சப்பறம் கடசியா ஒரு சத்தம் வருமே, 'டொப்'புன்னு. அது வருதா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "அது ரெண்டு மாசமாவே சரியா வர்றதில்ல தம்பி. 'புஸ்'ஸுன்னு ஒரு மாதிரி வரும். மொதல்ல எல்லாம் ராத்திரில எடுத்தா இவன் முழிச்சிக்குவானோன்னு பயமா இருக்கும். இப்ப அந்தப் பயம் இல்ல."

அந்தப் பெட்டியை எங்கள் எல்லோரையும்விட அதிகம் கேட்டவர் அம்மாதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, நான்கு வருடமாக. 80 வெள்ளி வாங்கிய ஆள் சமையலறையில் அவரைச் சுற்றிக்கொண்டு போனார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். நோயாளி முன்னால் உட்கார்ந்திருக்க, "பாட்டி எப்படி இருக்காங்க?" என்று என்னிடம் கேட்பார்கள்.

அண்ணன் தொட்டியை எடுத்துவிட்டு, என் கைப்பேசியின் விளக்கைப் போட்டு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். சமையலறை விளக்கை அணைக்கச் சொன்னார். குழிக்குள் தலையைச் சாய்த்து மேலே பார்த்தால், மூடியின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் ஒரு பக்கம் வெடித்து மேலே மடிந்திருந்தது. கதவு சாத்தியிருந்தும் சாத்தாத கதவு.

அந்தக் கோடு போதும். உள்ளே சைபருக்குக் கீழே 18 டிகிரி. வெளியே நம் ஊர்ச் சமையலறை, 30க்கு மேல், துணி காயாத அளவுக்கு ஈரம். அந்த ஈரக்காற்று கோட்டின் வழியே நுழைந்து கட்டிகளின் மேல் பனியாகப் படியும். முன்வரிசைக் கட்டிகள் லேசாகக் கசிந்து மறுபடி உறையும். உறையும்போது பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். ஐஸுக்கு இயல்பிலேயே இந்தக் குணம் உண்டு. மைக்கேல் ஃபாரடே 1850-இல் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். உருகும் நிலையில் உள்ள இரண்டு பனிக்கட்டித் துண்டுகளைத் தொடவைத்தால் அவை ஒன்றாக உறைந்துவிடும் என்று காட்டினார். பனிக்கட்டியின் மேற்பரப்பில் முழு ஐஸும் இல்லாத முழுத் தண்ணீரும் இல்லாத ஒரு மெல்லிய படலம் இருக்கிறது என்பது அவர் எண்ணம். மின்சாரத்தை ஆராய்ந்த மனிதருக்கு இரண்டு ஐஸ் கட்டி ஒட்டுவதைக் கவனிக்கவும் நேரம் இருந்திருக்கிறது.

"ஐஸ் ஆலையில பாளத்துக்கு மரத்தூள் போட்டு அனுப்புவோமே, எதுக்கு? சூடு ஏறாம இருக்கவும்தான், ஒன்னோட ஒன்னு ஒட்டாம இருக்கவும்தான்" என்றார் அண்ணன்.

மரத்தூள் என்றதும் அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். கடையில் சாக்குக்கும் மரத்தூளுக்கும் நடுவே ஐஸ் பாளம் கிடக்குமாம். கடைக்காரர் அதை ரம்பத்தால் அறுத்து, சீவுகிற கட்டையில் தேய்த்து, கைக்குள் உருட்டி, சிவப்பு சிரப் ஊற்றிப் பந்தாகக் கொடுப்பாராம். ஐஸ் கெப்பால். உறிஞ்ச உறிஞ்ச சிவப்பு போய் வெள்ளையாகிவிடும். முழங்கை வரைக்கும் ஒழுகும். "அப்ப அதுக்குக் கணக்கு அஞ்சு காசு. இப்ப பதினேழு மில்லி" என்றார்.

இந்த மண்ணில் ஐஸ் வந்ததே மரத்தூளில் படுத்துத்தான். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் குளிர்காலத்தில் அறுத்த பனிப்பாளங்களை மரத்தூளில் அடுக்கிக் கப்பலில் அனுப்புகிற வியாபாரத்தை ஃபிரெடெரிக் டியூடர் என்பவர் நடத்தினார். 1833-இல் அது கல்கத்தா போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூரில் வாம்போவா என்று அழைக்கப்பட்ட ஹூ ஆ கே, 1854-இல் ஆற்றோரமாக ஐஸ் வீடு ஒன்றைத் தொடங்கினார். அத்தனை கடல் தாண்டிக் கரையாமல் வந்த ஐஸ், போதுமான அளவு வாங்க ஆளில்லாததால் அவருக்கு லாபம் தரவில்லை. இந்தக் கதையைச் சொன்னபோது அண்ணன் தலையாட்டினார். "எடுக்க ஆளில்லாத ஐஸ் எப்பவுமே கெட்டுப்போகும் தம்பி. உங்க பெட்டிக்கும் பாதி வியாதி அதான்."

அது உண்மை. இந்தப் பெட்டி முழுக் குடும்பத்துக்கென்று வாங்கியது. ஒரு நாளைக்கு நூறு கட்டி போடக்கூடியது. அப்பா இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள், சாயங்காலம் வந்தவர் போனவருக்கெல்லாம் தே ஓ ஐஸ். தொட்டி நிரம்புவதற்குள் காலியாகும். இப்போது அப்பா இல்லை. பிள்ளைகள் பல்கலைக்கழக விடுதியில். எடுப்பது அம்மா மட்டும், அதுவும் நாளுக்குப் பத்து. மற்றவை ஒன்றையொன்று தொட்டபடி சும்மா கிடந்தன. ரப்பர் வெடிப்பு இல்லாவிட்டாலும் கொஞ்சம் தாமதமாக ஒட்டித்தான் போயிருக்கும்.

ரப்பர் விளிம்போடு மூடி 35 வெள்ளிக்குக் கிடைத்தது. மாற்ற அரை மணி நேரம் பிடித்தது. அண்ணன் காசு வாங்கவில்லை, அம்மா கொடுத்த முறுக்கை வாங்கிக்கொண்டார். கூடவே இரண்டு விதி சொல்லிவிட்டுப் போனார். ஐஸ் போடும் கருவியை எந்நேரமும் ஓடவிடாமல் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பழைய ஐஸ் எவ்வளவு இருந்தாலும் தொட்டியைக் காலி செய்ய வேண்டும்.

அடுத்த செவ்வாய் தராசு 2.1 காட்டியது. மிஸ்ஸி, "ஐஸ் பெட்டி நல்லாயிருச்சா பாட்டி?" என்று கேட்டார். இரவில் இப்போது 'டொப்' சத்தம் மறுபடி கேட்கிறது. எனக்கு முழிப்பு வருகிறது. திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். எத்தனை என்று எண்ணுவதில்லை. அது புளியங்கொட்டைகளின் வேலை.

முதல் விதி அம்மாவுக்குச் சம்மதம். இரண்டாவதில்தான் தகராறு. முதல் ஞாயிறு நான் தொட்டியைக் கழுவுதொட்டியில் கவிழ்க்கப் போனபோது அலறிவிட்டார். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அவர் கணக்கில் அது ஒன்றரை நாளுக்கான தண்ணீர்.

"குடிக்க முடியாம நான் ஒருத்தி இங்க இருக்கேன், நீ சாக்கடையில ஊத்துறியா?"

ஆகவே ஞாயிறு தோறும் அந்த ஐஸ் ஒரு வாளிக்குள் போகிறது. அம்மா பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அது முழுவதும் உருகும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். வாயில் அன்றைய கணக்கில் ஒரு கட்டி. உருகியதும் என்னைக் கூப்பிடுவார், வாளியைத் தூக்க அவருக்குக் கை இல்லை. நான் சுவரோரம் இருக்கிற கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன்.

"மெதுவா ஊத்து," என்பார். "அவசரமில்ல, அதாவது வயிறு நெறயக் குடிக்கட்டும்."